முளை

மாதத்தின் முதல் செவ்வாய் நாடா இறக்குவேன்.
நிலாவெளி தொடங்கிக் குச்சவெளி மட்டும்
பதினேழு கிணறுகள், ஒரு கொப்பி.
ஈயக்குண்டு தண்ணீரில் படும்போது
நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்ததுபோல
சின்னதாய் ஒரு சத்தம்.
அதைக் கேட்கக் குனிந்தே
ஒன்பது வருஷம் போயிற்று.
முதல் வருஷம் சட்டென்று கேட்டது.
இப்போது
நாடா போகிறது, போகிறது,
பூவரசில் காகம் இரண்டு தரம் கரைந்துவிட்டது,
இன்னும் போகிறது.

உதுமாலெப்பையின் வெங்காயம் நுனி கருகுகிறது.
மீற்றரைத் தோயவிடு முன்பே
விரலை நனைத்து நாக்கில் வைப்பேன்.
இது வேலை விதியில் இல்லை.
கடல் நானூறு யார் தள்ளி.
நாங்கள் ஒரு பாத்தி நனைக்க
அது அடியால் ஒரு சாண் நகர்கிறது,
நுரை இல்லாமல், இரைச்சல் இல்லாமல்.

மாசியில் நில அளவைக்காரர் வந்தார்கள்.
முக்காலி, தொப்பி, சோடாப் போத்தல்.
கந்தளாயிலிருந்து தண்ணீர் வருமாம்,
பாதித் தூரம் குழாயில், பாதித் தூரம் வாய்க்காலில்.
உதுமாலெப்பையின் மேற்கு வேலியோரம்
சிவப்புத் தலை வைத்த முளை ஒன்று அடித்தார்கள்.

மண்ணில் அடித்ததும் முளைதான்,
மண்ணிலிருந்து வருவதும் முளைதான்.
ஊர் இரண்டாவதை நம்பியது.

கச்சேரிக் கூட்டத்தில்
மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்தவர்கள் பேசினார்கள்.
கடைசி வரிசையில் எழும்பினார் பியரத்ன.
கந்தளாயில், கடைவாய்க்காலில், மூன்று ஏக்கர்.
சந்தையில் பழகிய தமிழ்:
"எங்கட குளத்துத் தண்ணி எண்டு சொல்ல மாட்டன்.
அதுவும் எங்கட இல்ல.
மலையில ஆரோ திருப்பி விட்டது.
மின்னேரியா குடிச்சு, கவுடுல்ல குடிச்சு,
மிச்சம்தான் எங்களுக்கு.
மிச்சத்தில மிச்சம் எனக்கு.
போன சிறுபோகம் அதுவும் வரேல்ல.
நீங்க கேக்கிறது
அந்த வராத தண்ணி."

எழுதுவினைஞர் இதை எப்படிப் பதிவதென்று தெரியாமல்
பேனையைக் காதில் செருகிக்கொண்டார்.
தேநீர் வேளையில் பார்த்தேன்,
உதுமாலெப்பையும் பியரத்னவும் ஒரே வாங்கில்.
தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை.
யூரியா என்ன விலை என்று
இவர் அவரிடம், அவர் இவரிடம்.

அதற்குப் பிறகு நடந்தது கொப்பியில் இருக்கிறது.
தண்ணீர்தான் வரப்போகிறதே என்று
இராசமலர் இரண்டு ஏக்கர் கூடக் கொத்தினாள்.
அவள் தம்பி குழாய்க்கிணறு இறக்கினான்.
வைகாசிக்குள் பதினொரு புது மோட்டர்.
வாய்க்கால் வரும்வரைக்கும்தானே என்றார்கள்,
கடன்காரனிடம் சம்பள நாளைச் சொல்கிற குரலில்.
வராத தண்ணீரை நம்பி
இருந்த தண்ணீரை இறைத்தார்கள்
என்று குறிப்புப் பத்தியில் எழுதினேன்.
என் வளவிலும் ஒன்று ஓடுகிறது.
வெட்டி, இறைத்தோம் என்று திருத்தினேன்.

ஆவணி.
முளையில் ஆடு கட்டியிருக்கிறது.
சிவப்பு வெளிறி,
கயிறு உரசிய இடத்தில் ஒரு பள்ளம்.
கிணற்றுக்கட்டில் கை ஊன்றி உதுமாலெப்பை
"இண்டைக்கு எவ்வளவு, புள்ள?" என்றார்,
காய்ச்சல் பார்த்தவளைக் கேட்பதுபோல.

ஐந்து மீற்றர் எழுபது.
சொல்ல வாய் திறந்தேன், மின்சாரம் போயிற்று.
குச்சவெளி முழுக்க மோட்டர்கள் ஒன்றாய் அடங்கின.
அப்போதுதான் தெரிந்தது
இவ்வளவு நாளும் எவ்வளவு சத்தம் என்று.
கடல் கேட்டது, மேலே இருக்கிற கடல்.
அவர் அசையவில்லை. நான் நாடாவை இழுக்கவில்லை.
ஒரு பீடி எரிந்து முடிகிற நேரத்தில்
ஈரம் நாடாவில்
ஒரு விரற்கடை ஏறியது.

பிறகு மின்சாரம் வந்தது.
இரண்டு எண்ணையும் எழுதப் பார்த்தேன்.
கொப்பியில் ஒரு கட்டம்தான் இருந்தது.